வாட்டம் பார்க்கும் நடை

எங்கள் வீட்டு வாசலிலிருந்து பூங்காவின் நுழைவாயில் வரை 430 மீட்டர். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தூரத்தை ஐந்து நிமிடத்தில் நடந்து கடந்திருக்கிறேன். இப்போது சனிக்கிழமை காலைகளில் அதே தூரத்துக்கு எனக்கும் அப்பாவுக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது.

அப்பா நாற்பது ஆண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தவர். சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் வலுவிழந்தன. கை ஓரளவு திரும்பிவிட்டது. கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அடியெடுத்து வைக்கும்போது பாதத்தின் முன்பகுதி தேவையான அளவு உயர்வதில்லை. மூன்றாம் மாதம் இயன்முறை மருத்துவர், "இனி வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதாது, தெருவில் நடக்க வேண்டும்" என்றார். வார நாட்களில் எனக்கு வேலை. அதனால் சனிக்கிழமை எங்கள் நடைநாள் ஆயிற்று.

முதல் சில வாரங்கள் அப்பா தலைநிமிராமல் தரையையே பார்த்தபடி நடந்தார். விழுந்துவிடுவோம் என்ற பயம் என்று நினைத்து, "நேராகப் பாருங்கள் அப்பா, நான் பக்கத்தில்தானே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நான்காவது வாரம் ஓரிடத்தில் நின்றார். ஊன்றுகோலின் நுனியால் ஒரு கல்லைத் தட்டினார். "இதைப் பதித்தவன் ரசமட்டம் வைத்துப் பார்க்கவே இல்லை. அடியில் மணலும் சரியாகக் கெட்டிக்கவில்லை. கேள், வெற்றுச் சத்தம்." மறுபடி தட்டினார். பக்கத்துக் கல்லையும் தட்டிக் காட்டினார். வித்தியாசம் எனக்கும் கேட்டது. அவர் பயந்துகொண்டு நடக்கவில்லை. தெருவை வாசித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அடுத்த வாரம் முதல் ஒரு சிறு நோட்டும் பேனாவும் அளவு நாடாவும் எடுத்துச் செல்கிறேன்.

அப்பாவிடம் நான் முதலில் கற்றுக்கொண்ட சொல் வாட்டம். தளம் போடும்போது தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காக ஒரு பக்கம் லேசாகச் சரித்து விடுவதைக் கட்டட வேலைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். மொட்டைமாடிக்கு வாட்டம் உண்டு, குளியலறைக்கு உண்டு, நடைபாதைக்கும் உண்டு. மழைநீர் சாலையோர வடிகாலுக்குப் போக வேண்டும் என்பதால் நடைபாதை சாலைப் பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவு ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளின் வடிவமைப்பு விதிகளில் இருக்கும் அளவு. அவ்வளவு இருந்தாலே தண்ணீர் போய்விடும், காலுக்கும் உறைக்காது.

சிக்கல் வீட்டு வாசல்களில் வருகிறது. வண்டி உள்ளே ஏறுவதற்காக அந்த இடத்தில் மட்டும் நடைபாதையைச் சாலை வரை சரித்து வெட்டிவிடுகிறார்கள். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட வாசல்கள் பதினேழு. ஒன்றில் அளந்து பார்த்தேன், ஒரு மீட்டருக்கு ஒன்பது சென்டிமீட்டர். இரண்டு காலும் திடமாக இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பதினோரு ஆண்டுகளில் எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அப்பாவுக்கு அந்த மூன்றடி ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை. போகும்போது சாலை வலப்பக்கம் இருக்கிறது. இடது கால் மேட்டுப் பக்கம் விழுவதால் விரல்நுனி தரையில் தட்டுகிறது. திரும்பும்போது இடது கால் பள்ளத்தில் விழுகிறது. உடல் முழுவதும் வலுவில்லாத பக்கம் சாய்கிறது. ஒரே தெரு, ஒரே கல், போகும்போது ஒரு ஆபத்து, வரும்போது வேறொரு ஆபத்து.

இதற்கு வழி கண்டுபிடித்தவரும் அவர்தான். பெரும்பாலான வாசல்களில் மதிலை ஒட்டி ஓரடி, ஒன்றரையடி அகலத்துக்குச் சரிக்காத தளம் மிச்சம் இருக்கும். வாசல் வருவதற்கு நாலைந்து அடி முன்பே அந்த ஓரத்துக்கு மாறிவிட வேண்டும். சரிவில் இறங்கிய பிறகு திசை மாற்றக்கூடாது, திரும்பும் அந்த நொடியில்தான் கால் பின்னுகிறது. தடுமாற்றம் உள்ள யாரையேனும் அழைத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

நடைக்குக் கிளம்பும் நேரத்தையும் தொழில் அறிவை வைத்தே அப்பா மாற்றினார். நான் ஒன்பது மணி என்று வைத்திருந்தேன். அவர் ஆறரை என்றார். வெயிலுக்காக என்று நினைத்தேன். "சுவருக்குப் பூச்சு முடித்ததும் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்போம். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் மேடு பள்ளம் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் சின்ன மேடும் நிழல் போடும். காலை வெயில் அப்படித்தான் தெருவில் விழுகிறது" என்றார். மறுநாள் ஆறரைக்கும் போனேன், மதியமும் தனியாகப் போய்ப் பார்த்தேன். காலையில் ஒவ்வொரு கல்லின் விளிம்பும் கோடு போட்டதுபோல் தெரிந்தது. மதியம் எல்லாம் ஒரே தட்டையான சாம்பல் நிறம். பாதத்தின் முன்பகுதி தூக்காதவருக்கு ஒரு சென்டிமீட்டர் மேடே போதும், தட்டிவிடும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டமைப்பு விதிகளில், நடைபாதையில் நேர்க்குத்தாக எழும் விளிம்பு கால் அங்குலத்துக்கு, அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதைச் சரிவாகச் சீவியாக வேண்டும் என்று இருக்கிறது. ஆறு மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் தடிமனுக்கும் குறைவு. அந்த எண்ணைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் யாரோ ஒருவரின் நடையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மழை பெய்த மறுநாள் காலையையும் அவர் விடுவதில்லை. நடப்பதற்கு அது நல்ல நாள் இல்லை. ஊன்றுகோலின் ரப்பர் நுனி வழுக்கும். வாட்டம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே தளம் தாழ்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் இருபது முப்பது அடி மட்டும் போய், குட்டைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். தண்ணீர் வற்றிய பின்னும் அந்த இடங்களில் மெல்லிய வண்டல் கோடு ஒன்று நிற்கும். அதுவும் ஓர் அடையாளம்தான்.

மரங்களைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வேர் கல்லைத் தூக்கிவிட்ட இடங்களில் எனக்கு மரத்தின் மீது வருத்தம் வரும். அப்பாவுக்குக் கல்லைப் பதித்தவர் மீதுதான் வரும். கெட்டித்துப் போன மண்ணில் வேருக்குக் காற்றும் ஈரமும் கிடைப்பதில்லை. கல்லுக்கு அடியில் இருக்கும் மெல்லிய இடைவெளியில் இரண்டும் கிடைக்கின்றன. அதனால் வேர் அங்கே ஓடிப் பருக்கிறது. மரத்தைச் சுற்றி விட வேண்டிய இடத்தை விடாமல் அடிமரத்தின் கழுத்து வரை சிமென்ட் பூசியது மனிதன்தானே என்பார். நிழல் இருக்கும் பகுதியில் மட்டும் அவர் கூடுதலாகப் பத்தடி நிற்காமல் நடக்கிறார் என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். அதனால் இப்போது அவர் பக்கமே சேர்ந்துவிட்டேன்.

சிக்னல்தான் எங்கள் நடையில் மிகக் கடினமான இடம். பூங்காவுக்குப் போக ஒரு பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அகலம் 14 மீட்டர். அப்பா அதைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 23 விநாடி. நடப்பவர்களுக்கான பச்சை விளக்கும், அது மினுக்கி அணையும் நேரமும் சேர்ந்து 16 விநாடி. முதல் முறை நாங்கள் சாலையின் நடுக்கோட்டைத் தாண்டியபோதே விளக்கு மாறிவிட்டது. வண்டிகள் உறுமின, யாரோ ஹாரனை அழுத்தினார்கள். அப்பா அவசரப்பட முயன்றார்; அவசரப்பட்டால் இடது கால் இன்னும் மோசமாக இழுக்கும். அவர் கை என் கைக்குள் நடுங்கியதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த 16 விநாடி எங்கிருந்து வருகிறது என்று தேடிப் படித்தேன். ஒரு மனிதர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டே பல நாடுகளில் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். 14 மீட்டருக்குச் சுமார் 12 விநாடி. அதன்மேல் சில விநாடி கூட்டிக்கொள்வார்கள். அமெரிக்காவில் 2009-இல் அந்த வேகத்தைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தார்கள், முதியவர்களை எண்ணித்தான். அப்பாவின் வேகம் 0.6. கணக்கில் அவர் இல்லவே இல்லை. அவரைப் போன்றவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவதால், கணக்குப் போடுகிறவர்களின் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. பச்சை எரிந்துகொண்டிருக்கும்போது போய்ச் சேர்ந்தால் கடப்பதில்லை, எவ்வளவு மிச்சம் இருந்தாலும் சரி. நின்று, அடுத்த பச்சை விழும் அந்த நொடியில் முதல் அடியை வைக்கிறோம். வண்டிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கம் நான் நடக்கிறேன். கையைத் தலைக்கு மேல் உயர்த்தியபடி நடக்கிறேன். முன்பு கூச்சமாக இருந்தது, இப்போது இல்லை. இவ்வளவு செய்தும் ஏழு விநாடி பற்றவில்லை. ஆகவே 180 மீட்டர் தள்ளி, சாலையின் நடுவே திட்டு இருக்கும் இன்னொரு கடவையைத் தேர்ந்தெடுத்தோம். பாதி சாலையைக் கடந்து திட்டில் நின்று, மீதியை அடுத்த பச்சையில் கடக்கிறோம். போக வர 360 மீட்டர் கூடுதல். அப்பாவுக்கு அது பெரிய தூரம். நடுத்திட்டு இல்லாத அகலமான சாலையை யாரேனும் "நல்ல சாலை" என்று சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருகிறது.

அந்தக் கடவையில் நடைபாதை விளிம்பைச் சரித்து ஒரு சாய்தளம் போட்டிருக்கிறார்கள். விளிம்புக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சக்கர நாற்காலிக்கான வழக்கமான சரிவு. அந்தக் கணக்குப்படி அதன் நீளம் 180 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நான் அளந்தபோது 110. ஆனாலும் ஒன்று இருக்கிறதே என்று நன்றியோடுதான் அதில் நடக்கிறோம். அமெரிக்காவின் காலமசூ நகரில் 1940-களில், போரில் காயம்பட்டுத் திரும்பிய வீரர்களுக்காக இப்படி விளிம்புகளைச் சரித்தார்கள். குழந்தை வண்டி தள்ளுபவர்களும் சக்கரப் பெட்டி இழுப்பவர்களும் இன்று உலகெங்கும் அந்தச் சரிவுகளில்தான் போகிறார்கள். எங்கள் சாய்தளத்தில் ஒரு காலை அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். படியில் இறங்க எந்தத் தடையும் இல்லாதவர்களில் பாதிக்கு மேல் சரிவைத்தான் தேடி வந்தார்கள்.

அதற்கு முன்னால் மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றுக்குள் ஒரு மொழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீளக்கோடு புடைத்த கல் "இப்படியே போ" என்கிறது, வட்டப் புள்ளிகள் புடைத்த கல் "நில், முன்னால் ஏதோ இருக்கிறது" என்கிறது. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே 1965-இல் இதை உருவாக்கினார்; 1967-இல் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். எங்கள் தெருவில் அந்த நீளக்கோடு நேராகப் போய் ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டுகிறது. நம்பிப் போகிறவரைக் கம்பத்தில் கொண்டுபோய் மோதவிடும் கோடு. அப்பா அதன் முன் வெகுநேரம் நின்றார். கற்கள் ஒவ்வொன்றும் நேர்த்தியாக, இடைவெளி பிசகாமல் பதிக்கப்பட்டிருந்தன. "கை நல்ல கை. ஆனால் யாருக்காகப் பதிக்கிறோம் என்று இவனுக்கு யாரும் சொல்லவில்லை" என்றார். நாற்பது ஆண்டுகளில் அவருக்கும் பல இடங்களில் யாரும் சொல்லாமலே வேலை கொடுத்திருப்பார்கள் என்பது அந்தக் குரலில் இருந்தது.

அப்பாவால் உட்காராமல் 150 மீட்டர் நடக்க முடியும். எனவே எங்கள் பகுதியின் வரைபடம் என் மனத்தில் மாறிவிட்டது. தெருப்பெயர்கள் போய், உட்காரும் இடங்கள் வந்துவிட்டன: ஒரு பஸ் நிறுத்தம், ஒரு தாழ்ந்த மதில், மூடிய அலுவலகம் ஒன்றின் படி, பூங்கா பெஞ்சு. மதில் தாழ்வு என்பதால் எழுந்திருக்கச் சிரமம். இருக்கை தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் இருந்து, கைப்பிடியும் இருந்தால் அவர் தானாக எழுந்துவிடுகிறார். கைப்பிடி இல்லாவிட்டால் நான் தூக்கிவிட வேண்டும். அது அவருக்குப் பிடிப்பதில்லை. நியூயார்க்கில் 1970-களில் வில்லியம் வைட் என்பவர் பொதுவெளிகளில் கேமரா வைத்து மனிதர்களைக் கவனித்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்று கண்டு சொன்னார். மிக எளிய உண்மை. அதைப் படம்பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது, அதன் பிறகே அந்த நகரம் புதிய திறந்த முற்றங்களில் இருக்கைகளைக் கட்டாயமாக்கியது. எங்கள் 430 மீட்டரில் உட்காருவதற்கென்றே போட்டவை பஸ் நிறுத்தமும் பூங்கா பெஞ்சும் மட்டும்தான்.

பெரிய சாலையில் எங்களை யாரும் பார்ப்பதில்லை. உள்தெருவில் நிலைமை வேறு. மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் பெண்மணி அப்பாவைப் பார்த்துக் கையசைக்கிறார். காலை நாய்க்குட்டியோடு வரும் பையன், "தாத்தா, இன்றைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறான். சான்பிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1960-களின் இறுதியில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளொன்றுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூட முழுதாக இல்லை. அவர் 1982-இல் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த கார் மோதி இறந்தார். அதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. பதினோரு ஆண்டுகளில் இந்தத் தெருவில் எனக்கு இரண்டு பேரைத் தெரிந்திருந்தது. இந்த ஆறு மாதத்தில் ஒன்பது பேரைத் தெரிந்துகொண்டிருக்கிறேன். வேகமாக நடப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

ஊன்றுகோல் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும், நாங்கள் தவறாகத் தொடங்கியவை என்பதால். கோலை வலுவில்லாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்; அப்பா முதலில் எந்தப் பக்கம் கால் பலவீனமோ அந்தப் பக்கமே பிடித்தார். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கோலின் பிடி அங்கே இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவில்லாத கால் முதலில். கூட வருபவர் வலுவில்லாத பக்கம், அரை அடி பின்தங்கி நடக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்ததா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இவை எல்லாவற்றையும் உங்கள் இயன்முறை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஒவ்வொருவர் உடலும் வேறு.

குறைகளை உரிய அலுவலகத்துக்கு எழுதத் தொடங்கியதும் அப்பா சொல்லித்தான். முதலில் பதினான்கு குறைகளை ஒரே கடிதத்தில் எழுதினேன். பதிலே இல்லை. அப்பா, "ஒரு ஆளிடம் ஒரு வேலையைச் சொன்னால் முடிப்பான். பதினான்கைச் சொன்னால் எதைத் தொடுவான்?" என்றார். பிறகு ஒரு கடிதத்துக்கு ஒரு குறை என்று மாற்றினேன். அளவு நாடாவை விரித்து வைத்து ஒரு படம், சற்றுத் தள்ளி நின்று இடம் தெரிய ஒரு படம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், என்ன ஆபத்து என்று இரண்டு வரி. கம்பத்தின் எண் மிக முக்கியம். வேலைக்கு வருபவருக்கு அதுதான் முகவரி. ஐந்து கடிதம் போனதில் இரண்டுக்கு ஆள் வந்தது. கம்பத்தில் முட்டும் மஞ்சள் கோட்டுக்கு இன்னும் யாரும் வரவில்லை.

சரிசெய்த முதல் இடத்தைப் பார்க்கச் சென்ற சனிக்கிழமை போனோம். ஆடிக்கொண்டிருந்த நான்கு கற்களையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்திருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி. படம் எடுக்கப் போனேன். அப்பா என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொன்னார். மூடியைத் திறந்து, கற்களின் மேல் மெல்ல ஊற்றினார். தண்ணீர் சாலைப் பக்கம் சிறிது ஓடியது, பிறகு நடுக்கல்லில் வந்து வட்டமாக நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கல் ஆடவில்லை, அது நல்லது" என்று கோலின் நுனியால் தட்டினார். சத்தம் கெட்டியாக வந்தது. "வாட்டம் மட்டும் அரை அங்குலம் தப்பு. நோட்டை எடு."